வறுத்த மணல்

என்ன வேலை என்று ஊரிலிருந்து கேட்டிருந்தார்கள்.
மணல் வறுக்கிறேன் என்று எழுதினேன்.
ஆறு வாரம் பதில் இல்லை.
வந்தபோது ஒரே வரி, மைத்துனன் சொர்ணப்பன் கையெழுத்தில்:
கயிறும் திரிக்கிறீரா?

கொலாபா ட்ராம் பணிமனையின் பின்பக்கம்
தகரக் கூரை, செங்கல் அடுப்பு,
ஓர் ஆள் நீட்டிப் படுக்கலாம் போல இரும்புத் தட்டு.
நூறு தப்படியில் கடல்,
கரையெல்லாம் மணல்.
அது ஆகாது.
உப்பு மணல் காற்றிலிருந்தே ஈரம் குடிக்கும்,
பெட்டிக்குள் கட்டிதட்டிக் குழாயை அடைக்கும்.
அதனால் கல்யாணுக்கு அப்பாலிருந்து
ஆற்று மணல் லாரியில் வரும்
கடல் பார்க்க.

சலிக்க வேண்டும், வறுக்க வேண்டும்,
உள்ளங்கையில் மூடித் திறக்க வேண்டும்.
ரேகையில் ஒட்டாமல் வழிந்தால் பதம்.
கோவில்பட்டிச் சந்தையில் கடலை வறுத்த கைக்கு
இது புதிதில்லை.
அங்கே கடலை சரக்கு, மணல் எடுபிடி.
இங்கே மணலே சரக்கு.

மேலே கம்பியில் ஓடுகிற மின்சாரத்தை
நீளக் கழி ஒன்று தொட்டுத் தொட்டு இறக்கும்.
பிகாஜி இடக்கையால் பித்தளைப் பிடியைத் திருகுவான்,
பல் பல்லாக வேகம் ஏறும்.
காலடியில் ஒரு மணி, ஒரு மணல்மிதி.
மணியைக் கேட்காதவர் பம்பாயில் இல்லை.

கரண்ட் வருமுன்னே குதிரைகள் இழுத்தனவாம்.
வெயிலுக்கு அவற்றுக்குத் தொப்பி போட்டார்களாம்.
காதுக்கு ஓட்டை விட்டார்களா என்று கேட்டேன்.
பிகாஜிக்குத் தெரியவில்லை.
அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆடி மாத மழை.
ஸாஸூன் டாக் வாசலில்
இறால் தண்ணீரும் செதிலும் மழையும் சேர்ந்து
தண்டவாளம் எண்ணெய் தேய்த்த பிள்ளையாகக் கிடந்தது.
நான் பின்படியில் தொற்றிக்கொண்டிருந்தேன்.
கொட்டிய மீனைப் பொறுக்கிக்கொண்டு
முதுகு காட்டிக் குனிந்திருந்தாள் ஒரு கோலிப் பெண்.
மணி அடித்தான். மழையில் அது எங்கே கேட்கும்.
கரண்டை அறுத்தான், பிரேக்கை முறுக்கினான்.
சக்கரம் நின்றுவிட்டது.
வண்டி நிற்கவில்லை.

அப்போதுதான் மிதித்தான்.
சர்ரென்று இரண்டு பக்கமும் என் மணல் இறங்கியது,
இரும்பு இரும்பைப் பிடித்துக்கொண்டு அலறியது.

அவள் கூடைக்கும் வண்டி முகத்துக்கும் நடுவே
ஒரு பொம்பில் மீன் நீளம்.

நிமிர்ந்தாள். வண்டியைப் பார்க்கவில்லை,
மீனைப் பார்த்தாள்.
மீனெல்லாம் மண்ணாக்கிட்டியேடா என்று
பிகாஜியின் ஏழு தலைமுறையையும்
நடுரோட்டில் வரிசையாக நிறுத்தி வைது தீர்த்தாள்.
பாரூ என்று யாரோ கூப்பிட்டு இழுத்துப் போனார்கள்.

சக்கரத்தடியில் கைவிட்டு ஒரு சிட்டிகை எடுத்தேன்.
கொட்டுகிற அந்த மழையில்
ஒரு நொடி
அது காய்ந்தே இருந்தது.
இதைச் சொர்ணப்பனுக்கு எழுதவில்லை.
வசவை மட்டும் எழுதினேன்.

பிறகு ஒருநாள் வண்டிக்கு மாலை போட்டார்கள்,
கூரை மேலெல்லாம் ஆள்.
மறுநாளிலிருந்து பிகாஜி பஸ்ஸில்.
ரப்பருக்கு மணல் வேண்டாம்.
மூன்று மூட்டை மிச்சம் என்று
ஸ்டோர் பெஸ்தோன்ஜியிடம் போனேன்.
பேரேட்டைத் தட்டிக் காட்டினார்:
ட்ராம் கணக்கு மூடியாகிவிட்டது,
இப்படி ஒரு மணலே கிடையாது.

கிடையாத மணலை
மூன்று நடையாகத் தூக்கிப் போனேன்.

சாயங்காலங்களில் இப்போது டாக் வாசலில் நிற்கிறேன்,
இருப்புச்சட்டி, அரிகரண்டி, காகிதப் பொட்டலம்.
ஏலம் முடிந்து வருவாள் பாரூ,
ஆறு பைசாவுக்குக் கடலை.
இரண்டு மென்றதும் நறுக்கென்னும்.
துப்பிவிட்டு என்னை முறைத்து
இன்னுமா என்பாள்.